கொட்டாவி மாப்பிள்ளையின் ஷூ

என் தங்கையின் கணவர் எனக்கு நாலாயிரத்து இருநூறு தர வேண்டியிருந்தது. ஒரு ஜோடி தோல் ஷூவின் விலை அது. வட்டி கிடையாது, சாட்சி கிடையாது. அந்தக் கடனை வைத்துத்தான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "என்னைப் பத்தி எழுத என்ன மச்சான் இருக்கு?" என்று அவரே கேட்பார். கேட்டுவிட்டு ஒரு கொட்டாவி விடுவார்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ் நிலையத்துச் சுவரோரம் சாக்கை விரித்து அறுந்த செருப்பு தைத்தவன். இன்று அதே சாலையில் எனக்கு இரண்டு கடை, பின்னால் பட்டறை, ஒன்பது பேருக்குச் சம்பளம். யாரும் தூக்கிவிடவில்லை, யாரையும் பிடித்து ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவினால் மாடா ஆடா, முதுகுப் பக்கமா வயிற்றுப் பக்கமா என்று சொல்லிவிடுவேன். பாலிஷும் நானே காய்ச்சுவதுதான். தேன்மெழுகு, டர்பன்டைன், கரி, அவ்வளவே. டப்பாவில் அடைத்து வருகிற பாலிஷ் என் கடைப் படி ஏறியதில்லை. பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஆனால் அந்தப் பாலிஷ் சங்கதி பின்னால் தேவைப்படும்.

மாப்பிள்ளை வேறு மாதிரி. அவர் பிறக்கும்போதே களைத்துப் பிறந்தவர். அவருடைய அப்பா ஒரு கிடங்கில் இரவுக் காவல்காரர். வீடு ஒரே அறை. பகலில் அப்பா தூங்க வேண்டும் என்பதால் பிள்ளைகள் மூச்சுக் காட்டக் கூடாது. ஓடக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த பையன் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டான். அந்தப் பழக்கம் விடவே இல்லை. அண்ணன் போட்டுக் கழித்த சட்டை, அப்பா போட்டுத் தேய்த்த செருப்பு என்றுதான் வளர்ந்தார். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டுகூட நண்பனுடையது. அன்றைக்கு எடுத்த போட்டோக்களில் மாப்பிள்ளை வாயை மூடியிருப்பது ஒன்றே ஒன்று. அதில் கண்ணை மூடியிருந்தார்.

"அண்ணா, இவருக்குக் கோவமே வராது," என்று என் தங்கை கல்யாணமான புதிதில் சொன்னாள். "கோவப்பட ஆரம்பிக்கறதுக்குள்ள தூங்கிடுவாரு."

லிஃப்ட் ஓட்டினார். சலவைக்கூடத்தில் துணி பிழிந்தார். பணிமனையில் பஸ் கழுவினார். எந்த வேலைக்குப் போனாலும் முதல் வாரமே 'கொட்டாவி' என்ற பெயர் அவருக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் எந்த வேலையையும் பாதியில் விட்டதில்லை. மெதுவாகச் செய்வார், கொட்டாவி விட்டுக்கொண்டே செய்வார், முடித்துவிட்டுத்தான் உட்காருவார். எல்லோரும் கொட்டாவியைப் பார்த்தார்கள், முடித்த வேலையைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு லேப்பின் ஸ்டோரில் சேர்ந்தார். அட்டைப்பெட்டி இறக்க வேண்டும், பாட்டில் அடுக்க வேண்டும், கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று ஒருநாள் கடைக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"ஸ்டாண்டர்டு செய்யறோம் மச்சான். விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில கொஞ்சம் மருந்து ஊத்தி, வாயை நெருப்புல உருக்கி மூடி விக்கறோம்."

"என்ன மருந்து?"

"மருந்துன்னு வாயில வருது. விஷம்தான். ஆனா அளந்து வச்ச விஷம்."

"விஷத்தை அளந்து என்ன பண்றது? யாரு வீட்டு மாமியாருக்கு?"

அவர் சிரித்தார். பக்கத்தில் கிடந்த கால் அளக்கும் பலகையை எடுத்துக் காட்டினார். "இந்தப் பலகையில கோடு தப்பா இருந்தா என்ன ஆகும்?"

"ஊர்ல ஒருத்தன் காலுக்கும் ஷூ சேராது."

"அதேதான். குடிக்கற தண்ணியில, மண்ணுல இந்த விஷம் எவ்வளவு கலந்திருக்குன்னு மெஷின் சொல்லும். மெஷின் சொல்றது சரியான்னு யாரு சொல்றது? இதுல இவ்வளவுதான் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச ஒரு குப்பி வேணும். அந்தக் குப்பிதான் பலகை."

அப்படிப் பல சரக்கு உண்டாம். அதில் ஒன்றுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. நைட்ரோபென்சீன் என்று பெயர். என் வாயில் அது ஒழுங்காக நுழைய ஒரு மாதம் ஆயிற்று. வெளிர் மஞ்சள் எண்ணெய். தண்ணீரில் ஊற்றினால் கலக்காது, மிதக்கவும் செய்யாது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாதாம் வாசனை அடிக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் கல்லாக உறையும், வெளியே எடுத்து வைத்தால் மறுபடி எண்ணெயாகிவிடும். கொடுமை என்னவென்றால், அதைக் குடிக்கவே வேண்டாம். தோலில் பட்டால் போதும், எரிச்சல் இல்லாமல், கொப்புளம் இல்லாமல், சத்தம் போடாமல் உள்ளே போய்விடும். மூச்சோடும் போகும். உள்ளே போனது ரத்தத்தைக் கெடுக்கும். கெட்ட ரத்தம் காற்றைச் சுமக்காது. ஆள் களைத்துப் போவான்.

களைத்துப் போவான் என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரில் இருந்தவருக்குக் குப்பி நிரப்பும் அறையில் உதவியாளாகப் போக ஒரு வாய்ப்பு வந்தது. மூன்று மாதம் சோதனைக்காலம். ஒரு குறையும் இல்லாமல் அதைத் தாண்டினால் சம்பளம் கூடும். நடுவில் லீவு கீவு என்று போனால் பழையபடி ஸ்டோர்தான். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்த அறை வாசலில் ஒட்டியிருந்தார்கள்: கால் முழுவதும் மூடிய தோல் ஷூ அணிந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. கண்ணாடி உடையும், அமிலம் சிந்தும், அதற்காக. நிரந்தர ஆட்களுக்கு ஷூ கொடுத்தார்கள். இவரைப் போன்ற ஒப்பந்த ஆட்கள் சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைக்கு வந்து நின்றார். "இருக்கறதுலயே விலை கம்மியா ஒண்ணு குடுங்க மச்சான்."

"என் தங்கை புருஷன் என் கடையில விலை கம்மியா எடுத்துப் போட்டுட்டுப் போனா, நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்? உக்காருங்க மாப்பிள்ளை, காலை நீட்டுங்க."

நானே அளந்தேன். இடது கால் வலது காலைவிடப் பெரிது. வருஷக்கணக்காக லிஃப்டுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற கால். கடையில் தொங்கும் எந்த ஜோடியும் அதற்குச் சரிவராது. நானே தோல் வெட்டி, நானே தைத்தேன். கைராசி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அந்த மாதிரி ஷூவை இந்தச் சாலையில் இன்னொருவன் தைத்துக் காட்டட்டும், கடையை எழுதி வைக்கிறேன்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். நிமிர்ந்து நின்றார். அவ்வளவு நேரமும் ஒரு கொட்டாவி வரவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"என்ன மாப்பிள்ளை, கடிக்குதா?"

"கடிக்கல மச்சான். இரவல் மாதிரியே தெரியல, அதான் பார்க்கறேன்."

"இரவலா? உங்க காலுக்கு அளவெடுத்துத் தச்சது, வேற எவனுக்கும் சேராது."

"காசு குடுக்கற வரைக்கும் இரவல்தானே," என்றார். "சோதனைக்காலம் முடியட்டும். கூடுற சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுடறேன்."

கூலி சேர்க்காமல் அசல் விலை சொன்னேன். நாலாயிரத்து இருநூறு. தலையாட்டிவிட்டு, பழைய செருப்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதத்துக்கு மேல் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள் குளிர்ப்பெட்டியிலிருந்து அந்த எண்ணெய்ப் பாட்டிலைத் தள்ளுவண்டியில் எடுத்துப் போனார். எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது. வண்டியின் கீழ்த்தட்டில் உயரம் பற்றாததால் பாட்டிலைப் படுக்க வைத்தார். உறைந்த பாட்டிலைப் படுக்க வைப்பது அங்கே எல்லோரும் செய்வதுதானாம். கல் எங்கே சிந்தப் போகிறது? ஆனால் யாரோ மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருந்தார்கள். அது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

நிரப்பும் அறையில் ஆள் இல்லை, எல்லோரும் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை வண்டியைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து காத்திருந்தார். சாய்ந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கண் விழித்தபோது கல் உருகியிருந்தது. தட்டின் ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக இடது ஷூவின் மேல் விழுந்து, கயிறு கட்டுகிற இடத்தில் நாக்குத் தோலுக்குள் இறங்கியிருந்தது. கால் டம்ளர் இருக்கும். பாட்டிலை நிமிர்த்தினார், தரையைத் துடைத்தார், ஷூவைத் துடைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

நல்ல தோலுக்கு ஒரு குணம் உண்டு, எண்ணெயைக் கண்டால் விடாது, உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்காகத்தானே எண்ணெய் போட்டுப் பதப்படுத்துகிறோம். நான் தைத்த ஷூ குடித்ததைக் கெட்டியாக வைத்துக்கொண்டது. கால் சூடேறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்குக் கொடுத்தது. அவரோ அதைத் தினமும் காலையில் போட்டு மாலையில்தான் கழற்றினார்.

அடுத்த நாளே தலைவலி ஆரம்பித்தது. பிறகு மாடி ஏற முடியவில்லை. வீடு மூன்றாவது மாடி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் படுத்துவிடுவார். தங்கைதான் அவிழ்ப்பாள். வேலையிடத்தில் மேற்பார்வையாளரிடம், "தலை சுத்துது சார்," என்றாராம்.

"உனக்கு என்னைக்குத்தான்யா சுத்தல?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

ஊரில் வேறு யார் அப்படி வாடி விழுந்தாலும் என்ன, ஏது என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். கொட்டாவி களைப்பாக இருக்கிறான் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன மாதிரி. அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. சோதனைக்காலம் முடிய மிஞ்சியிருந்தது சில நாள்தான்.

விடுமுறை நாள் ஒன்றின் மத்தியானம் தங்கையைப் பார்க்கப் போனேன். என் முழங்கால் இருக்கிற இருப்பில் அந்த மூன்று மாடி எனக்கே ஒரு தண்டனை. வாசலில் ஷூ பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. செய்தவன் கை சும்மா இருக்குமா, எடுத்துப் பார்த்தேன். முகர்ந்தேன். எனக்கு மண்டையில் ஏறிவிட்டது.

"மாப்பிள்ளை! எந்தக் கடை பாலிஷ் இது?"

கட்டிலில் படுத்திருந்தவர் தலையை மட்டும் தூக்கினார். "உங்களோடதுதான் மச்சான்."

"என்கிட்டயேவா? என் பாலிஷ் மெழுகு வாசனை அடிக்கும். இது பாதாம் வாசனை. டப்பா பாலிஷ். நாப்பது வருஷமா இந்த மூக்கை வச்சுத்தான் பொழைச்சிட்டிருக்கேன். நான் பாத்துப் பாத்துத் தச்ச தோல்ல எவன் கடைக் குப்பையைத் தடவியிருக்கீங்க?"

"சத்தியமா இல்ல மச்சான்."

"அண்ணா, ஒரு பாலிஷுக்கா இந்தக் கூச்சல்?" என்று தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள். "கீழ் வீட்டுல கொலை விழுந்துடுச்சுன்னு நினைப்பாங்க. அவரே ஒரு வாரமா முடியாம கிடக்கறாரு."

"முடியாதவரு புதுக் கடை தேடிப் போயிருக்காரு பாரு."

மாப்பிள்ளை கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "அது பாலிஷே இல்ல மச்சான். லேப் எண்ணெய். கொஞ்சம் கொட்டிடுச்சு. தொடச்சுட்டேன், வெயில்ல வச்சேன். மேல உங்க பாலிஷ்தான் போட்டேன்."

சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டார். அவர் கொட்டாவி விட்டால் நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பது வழக்கம். அன்றைக்குச் சண்டை போடும் வேகத்தில் முகத்துக்கு நேராக நின்றிருந்தேன். வாய்க்குள் தெரிந்தது. உதடு, ஈறு, நாக்கு எல்லாம் சிலேட்டு நிறம். நான் மூன்று வருஷம் எழுதிய சிலேட்டின் அதே நிறம்.

"இங்க வாம்மா," என்று தங்கையைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "உன் புருஷன் வாயைப் பாரு."

அவள் அவரை ஜன்னல் பக்கம் திருப்பினாள். விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். நகமும் அப்படித்தான் இருந்தது. "நேத்தே கேட்டேண்ணா. பேனா மை கசிஞ்சிருக்குன்னு சொன்னாரு," என்று அழ ஆரம்பித்தாள்.

டாக்ஸி பிடித்தோம். மாடிப்படி இறங்கத் தொடங்கும்போது மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், ஷூ. வாசல்லயே இருந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்," என்றார். பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் காற்று எவ்வளவு என்று சொல்கிற எண் குறைவாகக் காட்டியது. மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். எண் அசையவில்லை. டாக்டர் இளவயதுக்காரர். ஊசியில் ரத்தம் எடுத்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தார். ரத்தம் சிவப்பாக இல்லை, சாக்லேட் மாதிரி இருந்தது. காற்றுப் பட்டும் அப்படியே இருந்தது.

"குடிப்பாரா?"

"தண்ணியே கஷ்டப்பட்டுத்தான் குடிப்பாரு டாக்டர்."

"நல்லதாப் போச்சு. குடிச்சிருந்தா இன்னும் மோசமாகியிருக்கும். எங்க வேலை? ஏதாவது கெமிக்கல் பட்டுச்சா?"

நான் பையைத் திறந்து ஷூவை எடுத்து மேஜையில் வைத்தேன். "இதுல பட்டுச்சு."

"ஐயோ, அதை வெளிய கொண்டுபோங்க முதல்ல!" என்று அவர் கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க மடியில வச்சிருந்தீங்களா? போய்க் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க, வேட்டியை மாத்துங்க," என்றார். இரண்டு கடைக்காரன், ஆஸ்பத்திரி கொடுத்த பச்சைத் துணியைச் சுற்றிக்கொண்டு நடைவழியில் நின்றேன்.

மாப்பிள்ளையின் காலை அவர்கள் சோப்புப் போட்டுப் பலமுறை கழுவினார்கள். பிறகு ஒரு மருந்து கொண்டுவந்தார்கள். கரு நீலம். சொட்டு நீலத்தைக் கரைத்த மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீலமாகிக் கிடக்கறவருக்கு நீலத்தையே ஏத்தறீங்களே!"

"இதுதான் மருந்து, ஐயா. கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள் நர்ஸ்.

பேசாமல் இருந்தேன். என்னை யாரும் அப்படி அதட்டி நாளாகியிருந்தது. மருந்து இறங்க இறங்க, நான் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலேட்டு நிறம் வெளுத்தது. பிறகு ஓரத்தில் லேசாக ஒரு சிவப்பு. புதுத் தோலில் சாயம் ஏறுவது மாதிரி நடுவரை பரவியது. தங்கை அவர் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கழிவறைக்குப் போய் வந்தவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "மச்சான், பச்சையாப் போகுது. நான் என்ன கிளியா?"

"மருந்து நிறம்யா, படு," என்றேன். வயதில் சின்னவராக இருந்தாலும் மாப்பிள்ளையை நான் மரியாதை இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். அழுகை வராமல் இருக்கப் பேசியது.

மறுநாள் லேப்பிலிருந்து பாதுகாப்பு பார்க்கிற மேடம் வந்தார். நடுவயதுக்காரர், கண்ணைச் சுற்றிக் கருப்பு, அவரும் தூங்கி ரொம்ப நாள் ஆன மாதிரி இருந்தது. கெட்டியான பிளாஸ்டிக் பை கொண்டுவந்திருந்தார். ஷூவை அதில் போட்டு வாயைக் கட்டினார்.

"கழுவிக் குடுத்துடுவீங்களா மேடம்?" என்று மாப்பிள்ளை படுக்கையிலிருந்து கேட்டார்.

"கழுவ முடியாதுங்க. தோலுக்குள்ள போனது தண்ணியில வராது. எரிக்கத்தான் அனுப்பணும்."

"மேடம், அது இன்னும் காசு குடுக்காத ஷூ."

"இன்னும் ரெண்டு நாள் போட்டிருந்தா நீங்க இருந்திருக்க மாட்டீங்க." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அறைக்கு உள்பக்கச் சுவத்துல ஒட்டியிருக்கே. இது தோல் பொருள் மேல பட்டா உடனே கழட்டி, அழிக்கறதுக்கு ஒப்படைக்கணும்னு. படிக்கலையா?"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "படிச்சேன் மேடம். படிச்சதாலதான் சொல்லல."

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "ஏம்மா, வாசல்ல தோல் ஷூ போட்டாத்தான் உள்ள வரலாம்னு ஒட்டறீங்க. உள்ள வந்தா தோலை அழின்னு ஒட்டறீங்க. என்னம்மா கணக்கு இது?"

"ரெண்டையும் எழுதினது வேற வேற ஆளு, ஐயா," என்றார் மேடம். சண்டைக்கு வரவில்லை, சாக்குச் சொல்லவும் இல்லை. "வாசல்ல இருக்கறதை நாளைக்குக் கிழிச்சுடறேன்."

கிழித்தும் விட்டார். ஷூவுக்கு லேப்தான் பணம் தர வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். நான் என் கடை ரசீது போட்டு எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு அவர்கள் கணக்கு அறைக்குப் போனேன். ஒரு பைசா கூட்டிப் போடவில்லை. கேஷியர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டுப் பழசான ஷூ. தேய்மானம் கழிச்சுப் பாதிதான் தர முடியும்."

"தேய்மானமா? தம்பி, நான் தைக்கற ஷூ மூணு வருஷம் போனாத்தான் காலுக்குப் பழகவே ஆரம்பிக்கும். மூணு மாசத்துல அது இன்னும் கைக்குழந்தை."

"எங்க ரூல்ல குழந்தை, கிழவன் எல்லாம் இல்லைங்க. பாதி."

நான் மேஜையைத் தட்டப் போனேன். மாப்பிள்ளை என் முழங்கையைத் தொட்டார். "விடுங்க மச்சான். நிக்க முடியல."

அவ்வளவுதான். பாதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். "இதைக் குடுத்துட்டு மீதியை மறந்துடுங்க மாப்பிள்ளை, நான் கேட்டேனா?" என்றேன்.

"பாதி குடுத்தா பாதி ஷூதானே என்னோடது? எந்தக் காலு மச்சான், வலதா இடதா?" என்று சிரித்தார். பணத்தை எனக்குத் தரவில்லை. தங்கையிடம் கொடுத்து வைத்தார்.

நிரப்பும் அறைக்கு அவர் திரும்பப் போகக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். சோதனைக்காலம் முடியவில்லை, சம்பளமும் கூடவில்லை. வெளியிலிருந்து வருகிற தண்ணீர், மண் சாம்பிள்களை வாங்கி எண் போட்டு வைக்கிற முன்மேஜையில் உட்கார வைத்தார்கள். பழைய சம்பளம்தான். களைப்பு முழுதாகப் போக மாதங்கள் ஆயின. போனது எவ்வளவு, பிறவியிலேயே இருந்தது எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. பஸ்ஸை விட்டு நடந்து போய் மிச்சம் பிடிக்கிறார் என்று தங்கை சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது.

"உன் புருஷனுக்கு மண்டையில ஏதாவது இருக்கா? என் கடையில ஒரு நாளைக்கு விக்கற கயிறும் பாலிஷும் அந்தக் காசுக்கு மேல வரும். எரிஞ்சு போன ஷூவுக்கு யாரு காசு கேட்டா?"

"நீ கேக்கலைண்ணா," என்றாள் அவள். "அதனாலதான் அவருக்குத் தூக்கம் வரல."

அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று என் வாழ்க்கையில் கேட்டது அதுதான் முதல் தடவை.

போன மாதம் ஒரு மத்தியானம் வெயிலில் நடந்து கடைக்கு வந்தார். காலில் லேப் கொடுத்த ரப்பர் ஷூ. வாளியைக் கவிழ்த்து மாட்டியது போல் இருந்தது. என் கடைக்குள் அந்தச் சாமான் நுழைந்ததே எனக்கு அவமானம், ஆனால் வாயை மூடிக்கொண்டேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கையை நீட்டுங்க மச்சான்."

"வேணாம் மாப்பிள்ளை. நானே தச்சது, நானே மறந்துட்டேன்னு வச்சுக்குங்க. அது சாம்பலாகி எந்தக் காத்துல போச்சோ."

"அதான் மச்சான் விஷயம்." சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டை எடுத்தார். "இதுவரைக்கும் நான் போட்டது எல்லாம் எங்கண்ணனோடது, எங்கப்பாவோடது, எவனோடதோ. எரிஞ்சது உங்க ஷூவா இருக்கக் கூடாது. என் ஷூவா இருக்கணும்."

பேச்சில் என்னை மடக்கியவர்கள் இந்தச் சாலையில் இல்லை. மொத்த வியாபாரிகள், வரி அதிகாரிகள், வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் பேசி ஜெயித்தவன் நான். அன்றைக்கு வேலை செய்துகொண்டிருந்த கையைத் துண்டில் துடைத்துவிட்டு நீட்டினேன்.

அவர் ரப்பர் பேண்டைக் கழற்றினார். எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். லேப் கொடுத்தவை மடிப்புக் கலையாத நோட்டுகள். அவர் சேர்த்தவை நைந்து, ஓரம் கிழிந்து, வியர்வையில் மெத்தென்று ஆனவை. இரண்டாயிரத்தைத் தாண்டும்போது ஒரு பெரிய கொட்டாவி வந்தது. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. "எதுல விட்டேன் மச்சான்?" என்றார். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. எல்லாவற்றையும் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கையை மடக்கவில்லை. நாலாயிரம் வந்தது. நூறு. இன்னொரு நூறு.